புதுப்பிப்பு வீதமும் காணொளி அடாப்டர்களும்

காணொளி அடாப்டர் என்பது ஒரு வகைக் காணொளி இணைப்பை இன்னொரு வகை இணைப்பாக மாற்றித் தரும் சிறு கருவி ஆகும். கணினியில் இருக்கும் போர்ட்டும் திரையில் இருக்கும் போர்ட்டும் வெவ்வேறாக இருக்கும்போது இது தேவைப்படுகிறது. படம் தெரிந்தால் போதும் என்று பார்த்தால் எல்லா அடாப்டர்களும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் திரையின் புதுப்பிப்பு வீதத்தைக் கணக்கில் எடுத்தால் அவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு உண்டு. 144 ஹெர்ட்ஸ் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கிய திரை, பொருந்தாத அடாப்டர் வழியே இணைக்கப்பட்டதால் மாதக்கணக்கில் 60 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருப்பது அரிதல்ல. படம் தெளிவாகவே தெரிவதால் பயனர் அதைக் கவனிப்பதும் இல்லை.

அடாப்டரை மாற்றினால் புதுப்பிப்பு வீதம் உயருமா என்ற கேள்விக்கு, சில இடங்களில் உயரும், பல இடங்களில் உயராது என்பதே விடை. அடாப்டர் புதிய வேகம் எதையும் உண்டாக்குவதில்லை. கணினியின் ஏதேனும் ஒரு போர்ட்டில் ஏற்கெனவே இருக்கும் கொள்ளளவைத் திரைவரை கொண்டுசேர்க்க மட்டுமே அதனால் முடியும். ஏரி நிரம்பியிருந்தாலும் மடையின் அளவுக்குத்தான் வாய்க்காலில் நீர் வரும். இங்கும் அதே நிலைதான். வரைகலை அட்டை, போர்ட், அடாப்டர், கேபிள், திரையின் உள்ளீடு, திரைப்பலகை ஆகிய ஆறில் எது மிகக் குறைந்த அளவை அனுமதிக்கிறதோ அதுவே இறுதி வீதத்தைத் தீர்மானிக்கிறது.

புதுப்பிப்பு வீதம் என்றால் என்ன

திரை ஒரு வினாடியில் எத்தனை முறை தன் படத்தைப் புதிதாக வரைகிறது என்பதே புதுப்பிப்பு வீதம். இது ஹெர்ட்ஸ் என்ற அலகில் குறிக்கப்படுகிறது. 60 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு 16.7 மில்லிவினாடிக்கும் ஒருமுறை படத்தை மாற்றுகிறது. 120 ஹெர்ட்ஸில் இந்த இடைவெளி 8.3 மில்லிவினாடி, 144 ஹெர்ட்ஸில் 6.9 மில்லிவினாடி, 240 ஹெர்ட்ஸில் 4.2 மில்லிவினாடி ஆகும். இடைவெளி குறையக் குறைய நகரும் பொருள்கள் தொடர்ச்சியாகத் தெரியும். சுட்டியை அசைப்பதற்கும் திரையில் அது நகர்வதற்கும் இடையிலான தாமதமும் குறையும்.

60-லிருந்து 120-க்குச் செல்லும்போது 8.3 மில்லிவினாடி மிச்சமாகிறது. 120-லிருந்து 240-க்குச் செல்லும்போது மிச்சமாவது 4.2 மில்லிவினாடி மட்டுமே. முதல் உயர்வு பெரும்பாலோர் கண்ணுக்குப் புலப்படுவதற்கும், பிந்தைய உயர்வுகள் அந்த அளவுக்குப் புலப்படாமல் போவதற்கும் இதுவே காரணம். ஆகவே 60 ஹெர்ட்ஸில் சிக்கிக்கொண்ட ஒரு திரையை 120 அல்லது 144-க்குக் கொண்டுவருவதுதான் செலவுக்கு ஏற்ற பலனைத் தரும் மாற்றம்.

புதுப்பிப்பு வீதத்தையும் விளையாட்டுகளில் பேசப்படும் சட்ட வீதத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சட்ட வீதம் என்பது வரைகலை அட்டை ஒரு வினாடியில் எத்தனை படங்களை உருவாக்குகிறது என்பதைக் குறிக்கிறது. புதுப்பிப்பு வீதம் அவற்றில் எத்தனையைத் திரை காட்ட முடியும் என்பதைக் குறிக்கிறது. அடாப்டர் தொடர்புடையது இரண்டாவதோடு மட்டுமே. வரைகலை அட்டையின் திறன் குறைவாக இருந்தால் எந்த அடாப்டரும் அதை ஈடுசெய்யாது.

படப்புள்ளிக் கடிகாரம்

ஒரு இணைப்பு எவ்வளவு புதுப்பிப்பு வீதத்தைத் தாங்கும் என்பதை அறிய, படப்புள்ளிக் கடிகாரம் என்ற அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு வினாடியில் எத்தனை படப்புள்ளிகள் கேபிளில் செல்ல வேண்டும் என்பதே இந்த அளவு. இது மெகாஹெர்ட்ஸில் குறிக்கப்படுகிறது.

1920 × 1080 திரையில் ஏறத்தாழ 20.7 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. ஆனால் கேபிளில் செல்வது அவை மட்டுமல்ல. ஒவ்வொரு வரியின் முடிவிலும், ஒவ்வொரு படத்தின் முடிவிலும் வெற்று இடைவெளி ஒன்று சேர்க்கப்படுகிறது. பழைய படக்குழாய்த் திரைகளில் எலக்ட்ரான் கற்றை அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிச் செல்ல நேரம் தேவைப்பட்டது. அந்த இடைவெளி இன்றைய தட்டைத் திரைகளின் சமிக்ஞையிலும் தொடர்கிறது. தொலைக்காட்சிகளுக்கான நேர அமைப்பில் 1920 × 1080 படம் இடைவெளிகளையும் சேர்த்து 2200 × 1125 என்று கணக்கிடப்படுகிறது. இதை 60-ஆல் பெருக்கினால் 148.5 மெகாஹெர்ட்ஸ் வரும். 120 ஹெர்ட்ஸுக்கு 297 மெகாஹெர்ட்ஸ் தேவை.

கணினித் திரைகளுக்கென இடைவெளியைக் குறைத்த நேர அமைப்புகளும் உள்ளன. அவற்றில் 1920 × 1080 படத்துக்கு 60 ஹெர்ட்ஸில் 138.5, 75 ஹெர்ட்ஸில் 174.5, 144 ஹெர்ட்ஸில் சுமார் 346 மெகாஹெர்ட்ஸ் தேவைப்படுகிறது. இடைவெளியை இன்னும் சுருக்கும் இரண்டாம் பதிப்பில் 144 ஹெர்ட்ஸுக்கு சுமார் 333 மெகாஹெர்ட்ஸ் போதும். இந்தச் சிறிய வேறுபாடு சில இடங்களில் முக்கியமாகிறது என்பதைப் பின்னர் காணலாம்.

ஒரு படப்புள்ளிக்கு வழக்கமாக 24 பிட் நிறத்தகவல் தேவை. எனவே படப்புள்ளிக் கடிகாரத்தை 24-ஆல் பெருக்கினால் தரவு வேகம் கிடைக்கும். 346 மெகாஹெர்ட்ஸ் என்பது வினாடிக்குச் சுமார் 8.3 கிகாபிட் ஆகும்.

இணைப்பு வகைகளும் எல்லைகளும்

விஜிஏ: ஐபிஎம் நிறுவனம் 1987-ல் தன் பிஎஸ்/2 கணினிகளுடன் அறிமுகப்படுத்தியது. இது தொடர்முறைச் சமிக்ஞை. தரநிலையிலேயே எழுதிவைத்த உச்ச வேகம் இதற்கு இல்லை. கணினியில் உள்ள மாற்றியின் வேகமும் கேபிளின் தரமும்தான் எல்லையைத் தீர்மானிக்கின்றன. வேகம் கூடும்போது படம் சட்டென நின்றுவிடாது, சிறிது சிறிதாக மங்கும்.

டிவிஐ: 1999-ல் வெளிவந்தது. ஒற்றை இணைப்பு வகை 165 மெகாஹெர்ட்ஸ் வரை செல்லும். இரட்டை இணைப்பு வகையில் தரவுக் கம்பி இணைகள் மூன்றிலிருந்து ஆறாகின்றன. அதனால் 330 மெகாஹெர்ட்ஸ் வரை கிடைக்கிறது. 2012, 2013 ஆண்டுகளில் வந்த முதல் 144 ஹெர்ட்ஸ் திரைகள் சிலவற்றில் முழு வீதமும் இந்த இரட்டை இணைப்பு வழியே மட்டும் கிடைத்தது. அதே திரையின் எச்டிஎம்ஐ உள்ளீடு 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும்.

எச்டிஎம்ஐ: முதல் பதிப்பு 2002 இறுதியில் வந்தது. 1.2 வரையிலான பதிப்புகளின் எல்லை 165 மெகாஹெர்ட்ஸ். 2006-ல் வந்த 1.3, 2009-ல் வந்த 1.4 ஆகியவற்றில் இது 340 மெகாஹெர்ட்ஸ் ஆனது. 2013-ல் வந்த 2.0 பதிப்பில் 600 மெகாஹெர்ட்ஸ் ஆனது. 2017-ல் வந்த 2.1 பதிப்பு சமிக்ஞை முறையையே மாற்றி, மொத்த வேகத்தை வினாடிக்கு 48 கிகாபிட்டாக உயர்த்தியது.

டிஸ்பிளேபோர்ட்: வெசா அமைப்பு 2006-ல் வெளியிட்டது. இது கணினித் தரவைப் போலச் சிறு பொட்டலங்களாக நான்கு தடங்களில் அனுப்புகிறது. படத்துக்குக் கிடைக்கும் உண்மையான தரவு வேகம் 1.1 பதிப்பில் வினாடிக்கு 8.64 கிகாபிட். 2010-ல் வந்த 1.2 பதிப்பில் 17.28 கிகாபிட். 2014-ல் வந்த 1.3 பதிப்பிலும் 2016-ல் வந்த 1.4 பதிப்பிலும் 25.92 கிகாபிட். 1.4 பதிப்பில் டிஸ்பிளே ஸ்ட்ரீம் கம்ப்ரெஷன் என்னும் படச் சுருக்கமுறையும் சேர்ந்தது.

யுஎஸ்பி-சி: இது தனியான காணொளித் தரநிலை அல்ல. மாற்று முறை என்ற ஏற்பாட்டின்படி இதே போர்ட் வழியாக டிஸ்பிளேபோர்ட் சமிக்ஞை வெளியே வருகிறது. எல்லா யுஎஸ்பி-சி போர்ட்டுகளிலும் இந்த வசதி இருப்பதில்லை. மின்னேற்றத்துக்கும் கோப்புப் பரிமாற்றத்துக்கும் மட்டுமான போர்ட்டில் எந்தக் காணொளி அடாப்டரைச் செருகினாலும் படம் வராது.

செயலறு அடாப்டரும் செயற்படு அடாப்டரும்

அடாப்டர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். செயலறு அடாப்டர் சமிக்ஞையின் அடிப்படை முறையை மாற்றுவதில்லை. எச்டிஎம்ஐயிலிருந்து டிவிஐக்கு மாற்றும் கேபிள் இதற்கு எடுத்துக்காட்டு. இரண்டும் டிஎம்டிஎஸ் என்ற ஒரே சமிக்ஞை முறையைப் பயன்படுத்துவதால் கம்பிகளை உரிய இடத்தில் இணைத்தாலே போதும். அதனால் இதை எந்தத் திசையிலும் பயன்படுத்தலாம்.

கணினிகளின் டிஸ்பிளேபோர்ட்டுகள் பலவற்றில் இரட்டை முறை என்ற வசதி உண்டு. போர்ட்டின் அருகே இரண்டு கூட்டல் குறிகள் இருப்பது இதன் அடையாளம். இத்தகைய போர்ட்டில் எச்டிஎம்ஐ அடாப்டரைச் செருகியதும், வரைகலை அட்டை டிஸ்பிளேபோர்ட் சமிக்ஞையை நிறுத்திவிட்டு டிஎம்டிஎஸ் சமிக்ஞையையே அனுப்பத் தொடங்கும். அடாப்டர் மின்னழுத்த அளவை மட்டும் சரிசெய்கிறது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவை இவ்வகையே. இவற்றில் முதல் வகை 165 மெகாஹெர்ட்ஸோடும், இரண்டாம் வகை 300 மெகாஹெர்ட்ஸோடும் நின்றுவிடும்.

செயற்படு அடாப்டருக்குள் ஒரு சில்லு இருக்கும். வரும் சமிக்ஞையை முழுவதுமாகப் படித்து, வேறு முறையில் புதிதாக உருவாக்கி அனுப்புவது அதன் வேலை. இதற்கு மின்சாரம் தேவை. சில அடாப்டர்கள் அதைப் போர்ட்டிலிருந்தே பெறுகின்றன. சிலவற்றுக்குத் தனி யுஎஸ்பி கம்பி இருக்கும். கணினியின் டிஸ்பிளேபோர்ட் முழு வேகத்தில் இயங்குவதால், சில்லின் திறனே இங்கு எல்லையாகிறது.

செயற்படு அடாப்டருக்குத் திசை உண்டு. டிஸ்பிளேபோர்ட் கணினியை எச்டிஎம்ஐ திரையோடு இணைக்கும் அடாப்டரைத் திருப்பிப் போட்டு, எச்டிஎம்ஐ கணினியை டிஸ்பிளேபோர்ட் திரையோடு இணைக்க முடியாது. இரட்டை முறையைப் பயன்படுத்தும் அடாப்டர்களுக்கும் இது பொருந்தும். பொதியின் மேல் இரண்டு முனைகளின் பெயர்களையும் பார்த்துவிட்டு, திசையைப் பார்க்காமல் வாங்கி ஏமாறுவது அடிக்கடி நிகழும் தவறு. எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்பிளேபோர்ட்டுக்குச் செல்லும் அடாப்டர் எப்போதும் செயற்படு வகைதான். அதன் விலையும் கூடுதலாகவே இருக்கும்.

அடாப்டரால் வீதம் குறையும் இடங்கள்

முதல் எடுத்துக்காட்டு 75 ஹெர்ட்ஸ் திரை. விலை குறைந்த 1920 × 1080 திரைகள் பலவும் இப்போது 75 ஹெர்ட்ஸ் தருகின்றன. அதற்குத் தேவை சுமார் 174.5 மெகாஹெர்ட்ஸ். அடாப்டர் 165 மெகாஹெர்ட்ஸ் வகையாக இருந்தால், 60 ஹெர்ட்ஸ் தடையின்றி வரும், 75 ஹெர்ட்ஸ் பட்டியலிலேயே தோன்றாது. வேறுபாடு பத்து மெகாஹெர்ட்ஸ் மட்டுமே என்றாலும், எல்லை எல்லைதான்.

இரண்டாவது, இரட்டை இணைப்பு டிவிஐ திரை. கடைகளில் கிடைக்கும் எச்டிஎம்ஐ – டிவிஐ கேபிள்களில் டிவிஐ முனையில் 24 ஊசிகளும் இருப்பதைக் காணலாம். அதைப் பார்த்து இரட்டை இணைப்புக் கேபிள் என்று எண்ணிவிடக் கூடாது. எச்டிஎம்ஐ முனையில் தரவுக்கு மூன்று கம்பி இணைகள் மட்டுமே உள்ளன. மற்ற மூன்று இணைகளுக்கான ஊசிகள் எதனோடும் இணைக்கப்படாமல் வெறுமனே நிற்கின்றன. டிஸ்பிளேபோர்ட் இரட்டை முறைக்கும் இதே சிக்கல் உண்டு. அதன் நான்கு தடங்களில் மூன்று தரவுக்கும் ஒன்று கடிகாரத்துக்கும் போய்விடுவதால் ஆறு இணைகளை உருவாக்க வழியில்லை.

மூன்றாவது, யுஎஸ்பி-சி ஹப். எச்டிஎம்ஐ, யுஎஸ்பி, மெமரி கார்டு, மின்னேற்றம் அனைத்தையும் ஒரே பெட்டியில் தரும் ஹப்கள் மாணவர்களிடம் பரவலாக உள்ளன. இவற்றில் 4கே திரையை இணைத்தால் பெரும்பாலும் 30 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும். யுஎஸ்பி-சி கேபிளில் வேகமான தடங்கள் மொத்தம் நான்கு. ஹப்பில் உள்ள வேகமான யுஎஸ்பி போர்ட்டுகளுக்கு அவற்றில் இரண்டு போய்விடுகின்றன. படத்துக்கு மீதமிருப்பவை இரண்டு. டிஸ்பிளேபோர்ட் 1.2 வேகத்தில் இரண்டு தடங்களின் கொள்ளளவு வினாடிக்கு 8.64 கிகாபிட். 4கே படத்துக்கு 60 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 12.8 கிகாபிட் தேவை. ஆகவே வீதம் பாதியாகக் குறைகிறது. கணினியும் ஹப்பும் டிஸ்பிளேபோர்ட் 1.4 வேகத்தைத் தாங்கினால் இரண்டு தடங்களிலேயே 12.96 கிகாபிட் கிடைக்கும். அப்போது 60 ஹெர்ட்ஸ் சற்றே இடுக்கமாகப் பொருந்திவிடும். ஒரே தோற்றமுள்ள இரண்டு ஹப்கள் வெவ்வேறு வீதம் தருவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

நான்காவது, சாதாரண யுஎஸ்பி போர்ட்டில் செருகி எச்டிஎம்ஐ பெறும் அடாப்டர். இதில் மாற்று முறை கிடையாது. கணினியில் நிறுவப்படும் மென்பொருள் திரையின் படத்தைச் சுருக்கித் தரவாக அனுப்ப, அடாப்டர் அதை விரித்துக் காட்டுகிறது. ஆவணங்களுக்கும் இரண்டாவது திரைக்கும் இது உதவும். உயர் புதுப்பிப்பு வீதத்துக்கு ஏற்ற வழி அல்ல.

அடாப்டரால் வீதம் உயரும் இடங்கள்

கணினியின் ஒரு போர்ட் குறைந்த கொள்ளளவும் இன்னொரு போர்ட் கூடுதல் கொள்ளளவும் கொண்டிருக்கும்போதுதான் அடாப்டரால் உண்மையான பயன் கிடைக்கிறது.

இன்டெல் நிறுவனம் 2015-ல் வெளியிட்ட 6-ஆம் தலைமுறைச் செயலிகளின் உள்ளமைந்த வரைகலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் நேரடி எச்டிஎம்ஐ வெளியீடு 1.4 பதிப்பு. டிஸ்பிளேபோர்ட் வெளியீடு 1.2 பதிப்பு. 4கே தொலைக்காட்சியை எச்டிஎம்ஐ கேபிளில் நேரடியாக இணைத்தால் 30 ஹெர்ட்ஸ் கிடைக்கும். ஏனெனில் அதற்கே 297 மெகாஹெர்ட்ஸ் தேவை, 60 ஹெர்ட்ஸுக்கு 594 தேவை. அதே கணினியின் டிஸ்பிளேபோர்ட் அல்லது காணொளி வசதியுள்ள யுஎஸ்பி-சி போர்ட்டில், எச்டிஎம்ஐ 2.0 தரும் செயற்படு அடாப்டரைச் செருகினால் 60 ஹெர்ட்ஸ் வந்துவிடும். அக்காலத்துக் கணினிகள் சிலவற்றில் இந்த மாற்றிச் சில்லைத் தயாரிப்பாளர்களே தாய்ப்பலகையில் பதித்து, வெளியே எச்டிஎம்ஐ 2.0 போர்ட் கொடுத்தனர்.

இரண்டாவது எடுத்துக்காட்டு 4கே 120 ஹெர்ட்ஸ் தொலைக்காட்சிகள். எல்ஜி நிறுவனம் 2019-ல் வெளியிட்ட சி9 ஓலெட் தொலைக்காட்சியில் எச்டிஎம்ஐ 2.1 உள்ளீடு இருந்தது, டிஸ்பிளேபோர்ட் இல்லை. என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 20 வரிசை அட்டைகளில் எச்டிஎம்ஐ 2.0, டிஸ்பிளேபோர்ட் 1.4 ஆகியவை இருந்தன. எச்டிஎம்ஐ வழியே 4கே 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பின்னர் டிஸ்பிளேபோர்ட் 1.4-ஐ எச்டிஎம்ஐ 2.1 ஆக மாற்றும் செயற்படு அடாப்டர்கள் சந்தைக்கு வந்தன. தொலைக்காட்சி நேர அமைப்பில் 4கே 120 ஹெர்ட்ஸுக்கு 1188 மெகாஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 28.5 கிகாபிட் வேண்டும். டிஸ்பிளேபோர்ட் 1.4 தருவதோ 25.92. இந்தக் குறையைச் சுருக்கமுறை நிரப்புகிறது. வரைகலை அட்டை படத்தைச் சுருக்கி அனுப்ப, அடாப்டரின் சில்லு அதை விரித்துத் தொலைக்காட்சிக்குத் தருகிறது. புதிய வரைகலை அட்டை வாங்காமலே வீதம் இரட்டிப்பாகும் வழி இது. ஆயினும் திரையும் அட்டையும் சட்ட வீதத்துக்கேற்பப் புதுப்பிப்பு வீதத்தை மாற்றிக்கொள்ளும் மாறு வீத வசதி, இத்தகைய அடாப்டர் வழியே பெரும்பாலும் கிடைப்பதில்லை.

மூன்றாவது, பழைய திரைகள். ஆப்பிள் நிறுவனம் 2008-ல் மினி டிஸ்பிளேபோர்ட்டுக்கு மாறியபோது, தன் 30 அங்குலத் திரைக்காக இரட்டை இணைப்பு டிவிஐ தரும் செயற்படு அடாப்டரை விற்றது. அதற்கு யுஎஸ்பி வழியே மின்சாரம் தர வேண்டியிருந்தது. இவ்வகை அடாப்டர்கள் வழக்கமாக 330 மெகாஹெர்ட்ஸுக்கு உரியவை. 1920 × 1080 படத்துக்கு 120 ஹெர்ட்ஸில் சுமார் 285 மெகாஹெர்ட்ஸே போதும் என்பதால், பழைய இரட்டை இணைப்புத் திரைகளில் 120 கிடைக்கும். 144 கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. படக்குழாய்த் திரைகளை இன்றும் விரும்பிப் பயன்படுத்துவோரும் இதே நிலையில் உள்ளனர். என்விடியா 2016-ல் வெளியிட்ட ஜீஃபோர்ஸ் 10 வரிசையிலிருந்து தொடர்முறை வெளியீடு நீக்கப்பட்டது. அதன்பின் அவர்கள் டிஸ்பிளேபோர்ட் – விஜிஏ அடாப்டர்களில் உள்ள சில்லின் வேகத்தையே நம்ப வேண்டியுள்ளது.

அடாப்டர் தேவைப்படாத தீர்வு

மடிக்கணினியில் எச்டிஎம்ஐ 1.4 மட்டும் இருந்து, திரை 144 ஹெர்ட்ஸ் என்றால் என்ன செய்வது? இக்கேள்வி மாணவர்களிடையே மிகுதியாக எழுவது. முதலில் காணொளி வசதியுள்ள யுஎஸ்பி-சி போர்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் யுஎஸ்பி-சி – டிஸ்பிளேபோர்ட் கேபிள் ஒன்றே போதும். அதில் சமிக்ஞை மாற்றமே நடப்பதில்லை. 1920 × 1080 படத்துக்கு 144 ஹெர்ட்ஸில் தேவைப்படும் 8.3 கிகாபிட், டிஸ்பிளேபோர்ட்டின் மிகப் பழைய பதிப்பின் 8.64 கிகாபிட்டுக்குள்ளேயே அடங்கிவிடும்.

அப்படிப் போர்ட் இல்லையென்றால் எச்டிஎம்ஐ வழியே 120 ஹெர்ட்ஸ் கிடைக்கிறதா என்று சோதிக்கலாம். 297 மெகாஹெர்ட்ஸ் என்பது 340 எல்லைக்குள் வருகிறது. வரைகலை மென்பொருளில் தனிப்பயன் தெளிவுத்திறன் என்ற பகுதியில், இடைவெளியைக் குறைத்த இரண்டாம் பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் 144 ஹெர்ட்ஸுக்கே சுமார் 333 மெகாஹெர்ட்ஸ் போதும். கணினியும் திரையின் எச்டிஎம்ஐ உள்ளீடும் 340 வரை உண்மையாகவே தாங்கினால் இது வேலை செய்யும். பல சாதனங்கள் 300 மெகாஹெர்ட்ஸ் அளவிலேயே நிறுத்திக்கொள்வதால் எல்லோருக்கும் கிடைக்காது. இந்நிலையில் எச்டிஎம்ஐ – டிஸ்பிளேபோர்ட் அடாப்டருக்குச் செலவிடுவது வீண். கணினியின் எச்டிஎம்ஐ போர்ட்டிலிருந்து வெளிவராத வேகத்தை அடாப்டர் எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. திரையின் எச்டிஎம்ஐ உள்ளீடு மட்டும் 60 ஹெர்ட்ஸில் கட்டுப்படுத்தப்பட்டிருந்தால்தான் அது 120 ஹெர்ட்ஸ் பெற உதவக்கூடும்.

திரை தன்னைப் பற்றிச் சொல்வது

கணினி எந்த வீதங்களைப் பட்டியலில் காட்டுகிறது என்பது ஈடிஐடி என்னும் சிறு தரவுத் தொகுப்பைப் பொறுத்தது. திரையின் உள்ளே சேமிக்கப்பட்டிருக்கும் இத்தொகுப்பின் அடிப்படைப் பகுதி 128 பைட் அளவுள்ளது. திரையின் பெயர், அது ஏற்கும் தெளிவுத்திறன்கள், வீதங்கள் ஆகியவை அதில் உள்ளன. கேபிளைச் செருகியதும் கணினி முதலில் படிப்பது இதைத்தான். ஒரே திரையின் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் தனித்தனி ஈடிஐடி உண்டு. அதனால்தான் எச்டிஎம்ஐயில் ஒரு பட்டியலும் டிஸ்பிளேபோர்ட்டில் இன்னொரு பட்டியலும் தோன்றுகின்றன.

செயற்படு அடாப்டர்கள் சில இத்தொகுப்பை மாற்றி, தாங்கள் தாங்கக்கூடிய வீதங்களை மட்டும் கணினிக்குக் காட்டுகின்றன. மலிவான அடாப்டர்கள் சில மாற்றாமல் அப்படியே விட்டுவிடுகின்றன. அப்போது 144 ஹெர்ட்ஸ் பட்டியலில் தோன்றும், தேர்ந்தெடுத்தால் திரை கறுத்துவிடும். விண்டோஸில் சில வினாடிகள் காத்திருந்தால் பழைய அமைப்பு தானே திரும்பிவிடும்.

கேபிளின் பங்கு

எச்டிஎம்ஐ கேபிள்கள் பதிப்பு எண்ணால் வகைப்படுத்தப்படுவதில்லை. ஹை ஸ்பீடு, பிரீமியம் ஹை ஸ்பீடு, அல்ட்ரா ஹை ஸ்பீடு என்ற பெயர்களே அதிகாரப்பூர்வமானவை. இவை முறையே வினாடிக்கு 10.2, 18, 48 கிகாபிட்டுக்கு உரியவை. கேபிள் வேகத்தைத் தாங்காதபோது எச்டிஎம்ஐ 2.0 வரையிலான இணைப்புகளில் படத்தில் வெண்புள்ளிகள் மின்னும், அல்லது திரை இடையிடையே கறுத்து மீளும். டிஸ்பிளேபோர்ட்டில் இரு முனைகளும் தொடக்கத்திலேயே வேகத்தைச் சோதித்துக்கொள்வதால், கேபிள் மோசமாக இருந்தால் இணைப்பு அமைதியாகக் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும். பயனருக்குத் தெரிவது பட்டியலில் உயர் வீதம் காணாமல் போனது மட்டுமே. ஆகவே அடாப்டரைக் குறைசொல்லும் முன் கேபிளை மாற்றிப் பார்ப்பது நல்லது. நீளம் குறைந்த கேபிளே எப்போதும் பாதுகாப்பானது.

நிறத்தகவலைக் குறைத்து வீதத்தைக் கூட்டும் முறையும் ஒன்று உண்டு. நான்கு படப்புள்ளிகளுக்கு ஒரு நிறம் என்ற அளவில் அனுப்பினால் தரவு பாதியாகும். இதனால் 297 மெகாஹெர்ட்ஸிலேயே 4கே 60 ஹெர்ட்ஸ் அனுப்ப முடியும். திரைப்படங்களில் வேறுபாடு தெரியாது. எழுத்துகளின் விளிம்புகள், குறிப்பாக நிறப் பின்னணியில் உள்ள சிறு எழுத்துகள், மங்கித் தெரியும். அடாப்டர் 60 ஹெர்ட்ஸ் தருகிறது என்று விளம்பரம் சொன்னால், அது முழு நிறத்தோடுதானா என்று பார்க்க வேண்டும்.

சரிபார்க்கும் முறை

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்ற வரிசையில் சென்றால் புதுப்பிப்பு வீதத்தைக் காணலாம், மாற்றலாம். புதிய திரையை இணைத்ததும் விண்டோஸ் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸிலேயே தொடங்குவதால், வேறு எதையும் வாங்கும் முன் இந்த இடத்தைப் பார்ப்பதே முதல் வேலை. அங்கே டெஸ்க்டாப் தெளிவுத்திறன், திரைக்குச் செல்லும் உண்மையான சமிக்ஞை என இரண்டு வரிகள் தனித்தனியே காட்டப்படும். இரண்டாவது வரியே உண்மை நிலை. லினக்ஸில் எக்ஸ் சாளர அமைப்பு இயங்கும் கணினிகளில் எக்ஸ்ரேண்டர் கட்டளை எல்லா வீதங்களையும் பட்டியலிட்டு, நடப்பில் உள்ளதை நட்சத்திரக் குறியால் காட்டும்.

திரையின் சொந்தப் பட்டியலிலும் வரும் சமிக்ஞையின் விவரம் இருக்கும். தனிப்பயன் அமைப்பால் வீதத்தை உயர்த்தியவர்கள் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். சில திரைகள் உயர்ந்த வீதத்தை ஏற்றுக்கொண்டு, உள்ளே சில படங்களைக் காட்டாமல் தவிர்த்துவிடும். ஒவ்வொரு படத்திலும் அடுத்தடுத்த கட்டம் ஒளிரும்படி அமைந்த சோதனைப் பக்கத்தை ஓடவிட்டு, கேமராவில் சற்று நீண்ட நேரத் திறப்போடு படம் எடுத்தால் இது தெரிந்துவிடும். ஒளிர்ந்த கட்டங்கள் இடைவெளியின்றி வரிசையாக இருந்தால் வீதம் உண்மையானது. இடையிடையே இருண்ட கட்டங்கள் இருந்தால் எண் மட்டுமே உயர்ந்திருக்கிறது.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

• திரையின் எந்த உள்ளீட்டில் முழு வீதம் கிடைக்கும் என்பதைக் கையேட்டில் பார்க்க வேண்டும்.
• கணினியின் ஒவ்வொரு போர்ட்டின் பதிப்பையும் அறிய வேண்டும். போர்ட்டின் வடிவம் பதிப்பைச் சொல்லாது.
• தேவையான தெளிவுத்திறனுக்கும் வீதத்துக்கும் உரிய படப்புள்ளிக் கடிகாரத்தைக் கணக்கிட்டு, போர்ட்டின் எல்லையோடு ஒப்பிட வேண்டும்.
• இரு முனையிலும் ஒரே வகைப் போர்ட் இருந்து, அது போதுமான கொள்ளளவு கொண்டிருந்தால் அடாப்டரே வேண்டாம்.
• அடாப்டர் தேவையெனில் அதன் திசை, செயற்படு வகையா என்பது, தெளிவுத்திறனோடு சேர்த்துக் குறிப்பிடப்பட்ட வீதம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். '4கே ஆதரவு' என்று மட்டும் எழுதியிருந்தால் அது 30 ஹெர்ட்ஸாக இருக்கக்கூடும்.
• திரைப்பலகையின் சொந்த எல்லையை எந்த அடாப்டரும் தாண்ட முடியாது. 60 ஹெர்ட்ஸ் திரை அடாப்டரை மாற்றுவதால் 144 ஹெர்ட்ஸ் ஆகிவிடாது.

கணினியில் கூடுதல் கொள்ளளவுள்ள போர்ட் ஒன்று பயன்படாமல் இருந்து, திரையும் அந்த வீதத்தை ஏற்கும் என்றால், சரியான செயற்படு அடாப்டர் அதற்கான செலவை நியாயப்படுத்தும். அந்த இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அடாப்டருக்குக் கொடுக்கும் பணம் வீண்தான். அதைச் சேர்த்துவைத்துப் பின்னர் திரையையோ கணினியையோ மாற்றுவதே பயனுள்ள வழி.